நாலு கிலோ குண்டு

அவரோடு பாசாருக்குப் போவது மானக்கேடான காரியம். போனவர்கள் எல்லாரும் ஒரு தடவைதான் போயிருக்கிறார்கள். எனக்கு வேறு வேலை இல்லாததால் பல தடவை போனேன்.

அவர் கையில் ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் கூடை இருக்கும். கூடைக்குள் பழைய துண்டு. துண்டுக்குள் ஓர் இரும்புக் குண்டு. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் கழுத்தோரம் வைத்து எறிவார்களே, அந்தக் குண்டுதான். அதில் 4 என்று இரும்பிலேயே பொறித்திருந்தது. நாலு கிலோ. மீனோ கோழியோ உருளைக்கிழங்கோ, எதை வாங்கப் போனாலும் முதலில் குண்டைத் தூக்கிக் கடைக்காரரின் தராசில் வைப்பார். முள் ஆடி நிற்கும்வரை மூச்சு விடமாட்டார். பிறகு தீர்ப்புச் சொல்வார்.

“மூணு கிலோ தொள்ளாயிரம். நூறு கிராம் குறைச்சுக் காட்டுது, தம்பி.”

“குறைச்சுக் காட்டுனா உங்களுக்குத்தானே நல்லது அங்கிள்? மீனு கூட வருதுல்ல?”

“எனக்கு நல்லது வேண்டாம். உனக்கு நட்டம்லா. நாலு கிலோவுக்கு நூறு கிராம் சும்மா தூக்கிக் குடுக்கிற. தன் தராசே தெரியாதவன்கிட்ட நான் எப்படி மீன் வாங்குறது?”

சொல்லிவிட்டு வாங்காமல் அடுத்த கடைக்குப் போவார். அங்கேயும் மூன்று கிலோ தொள்ளாயிரம். அதற்கடுத்த கடையிலும் அதேதான். ஈப்போ பாசார் முழுக்க ஒரே மாதிரி நூறு கிராம் குறைவது எப்படி என்று நான் ஒரு தடவை கேட்டேன்.

“எல்லாரும் ஒரே கடையில தராசு வாங்கியிருப்பானுங்க,” என்றார்.

கடைசி வரிசையில் ஒரே ஒரு மீன்கடை மட்டும் விதிவிலக்கு. அங்கே குண்டை வைத்தால் முள் நேராக நாலில் போய் நிற்கும். கடைக்காரர் நம்மாள். காதில் பேனா செருகியிருப்பார். எழுதி நான் பார்த்ததில்லை.

“எப்படிண்ணே?” என்பார்.

“டெப்பாட்!” என்பார் இவர். அச்சொட்டாக இருக்கிறது என்பதற்கு எங்கள் பக்கத்தில் புழங்கும் மலாய்ச் சொல். பாசாரின் மறுகோடி வரைக்கும் கேட்கும்படி சொல்வார். “ஈப்போவுலயே நேர்மையான ஆளு இவன் ஒருத்தன்தான்.”

இருபது வருஷமாக அந்த ஒரு கடையில்தான் மீன் வாங்கினார். எங்கள் அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் அத்தனை பேரையும் அங்கேதான் அனுப்பினார். கடைக்காரர் மகளின் கல்யாணத்துக்கு முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள்.

அவருக்குப் பேர் உண்டு. பிறகு ஒரு பாஸ் அட்டையில் அதை அச்சடித்துக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். ஆனால் அந்தப் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தராசுக்கு மலாயில் டாச்சிங். ஈப்போவில் நாங்கள் இருந்த புந்தோங் வட்டாரத்தில் அவர் டாச்சிங் அண்ணன். அவ்வளவுதான்.

நான் ஈப்போவுக்கு வந்தது பீடோரில் கொய்யாத் தோட்டத்து வேலை போய்விட்டதால். அதற்கு முன் சிங்கப்பூரில் கட்டடங்களுக்குச் சாயம் அடித்தேன், அதற்கு முன் தெலுக் இந்தானில் மூட்டை தூக்கினேன். படிவம் இரண்டோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போனது. யாரோ ஒருவர் சொல்லி டாச்சிங் அண்ணன் வீட்டுக் கூடத்தில் ஒரு பாய்க்கு இடம் கிடைத்தது. முதல் நாள் என் பையை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, “ஆறரைக் கிலோ. இவ்வளவுதானா உன் சொத்து?” என்றார். அவர் மனைவி உள்ளேயிருந்து, “வந்த ஆள நிறுக்காதீங்க, உக்காரச் சொல்லுங்க,” என்றார்.

அவர் எதையும் நம்பமாட்டார் என்று இல்லை. பேய் இருக்கிறது என்று நம்பினார். லாட்டரியில் நாலு நம்பர் எப்படி விழும் என்று கனவில் வரும் என்று நம்பினார். தராசை மட்டும் நம்பமாட்டார்.

பழைய இரும்புக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். முதல் நாளே முதலாளியின் பெரிய தராசில் குண்டை வைத்துப் பார்த்தார். மூன்று கிலோ தொள்ளாயிரம். இரும்பு விற்க வந்தவர்களிடம், “கொஞ்சம் குறைச்சுக் காட்டும், பாத்து வித்துக்குங்க,” என்று ஒவ்வொருவராகச் சொன்னார். இரண்டாம் நாள் வர வேண்டாம் என்றார்கள். அரசாங்கக் கிளினிக்கில் அவரை நிறுத்து அறுபத்தொரு கிலோ என்றார்கள். இறங்கிக் குண்டை வைத்தார். “மிஸ்ஸி, இது சரின்னா நான் அறுபத்திரண்டரை. ஒன்றரைக் கிலோ எங்க போச்சு?” என்று கேட்டார். அந்தப் பெண், இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது என்று எழுதி உள்ளே அனுப்பினாள்.

இந்த வியாதி அவருக்கு எங்கே ஒட்டியது என்பதை அவரே சொல்லியிருக்கிறார். தெலுக் இந்தான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். இப்போது அங்கே எண்ணெய் எடுக்கும் செம்பனை. மரம் சீவிக் கொண்டுவந்த பாலை ஸ்டோரில் வரிசையாக நின்று நிறுக்கக் கொடுப்பார்கள். தராசின் முகம் கணக்கு எழுதும் கிராணியைப் பார்த்து இருக்கும்.

“பதினஞ்சு வருஷம் நான் தராசோட முதுகைத்தான் பாத்தேன்,” என்பார். “அவரு சொல்றதுதான் எடை. தண்ணி கலந்திருக்குன்னு அதுலயும் வெட்டுவாரு. ஒரு நாளு எட்டிப் பாத்தேன். மறுநாள் பெரட்டுல பேர் படிக்கிறப்ப என் பேரு இல்ல.”

அதற்கும் முந்தைய கதை ஒன்று இருந்தது. அதை அடிக்கடி சொல்லமாட்டார். பதினான்கு வயதில் அவர் குண்டு எறிவார். தோட்டப் பள்ளிக்கூடத்தில் இருந்தது ஒரே ஒரு குண்டு. சாயங்காலம் எல்லாம் அதை எறிந்து பழகினார். மாவட்டப் போட்டிக்கு தெலுக் இந்தானுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே வேறு குண்டு கொடுத்தார்கள். தோட்டத்தில் விழும் தூரத்துக்கு ஒரு சாண் முன்னாலேயே விழுந்தது. மூன்று தடவையும் அப்படித்தான். மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். இவர் நாலாவது. மூன்றாவது வந்தவனுக்கும் இவருக்கும் அதே ஒரு சாண்.

“குண்டு கனமா இருக்கு சார்னு சொன்னேன். எல்லாருக்கும் அதே குண்டுதான்டான்னாரு. டவுன் பிள்ளைங்க அந்தக் குண்டுலயே பழகியிருப்பானுங்க. எனக்கு எப்படித் தெரியும்?”

பிறகு தோட்டத்தை விற்றார்கள். பள்ளிக்கூடத்தை மூடினார்கள். ஆளுக்கு ஒரு பொருளை எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் மணியை எடுத்தார், ஒருவர் அலமாரியை எடுத்தார். இவர் குண்டை எடுத்தார். ஏன் என்று கேட்டதற்கு, “இரும்புல அடிச்ச எழுத்துலா. கிராணி பேனாவுல எழுதுனது இல்ல,” என்றார்.

இப்படி இருக்கையில்தான் எங்கள் வட்டார நாடுகள் எல்லாம் கூடி ஆடும் பெரிய விளையாட்டுப் போட்டி நாட்டுக்கு வந்தது. ஒரே ஊரில் நடத்தினால் மற்ற ஊர்கள் கோபித்துக்கொள்ளும் என்று பல ஊர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். நீச்சலும் ஓட்டமும் எறிதலும் கோலாலம்பூருக்கு. படகு கடலோர ஊருக்கு. ஈப்போவுக்குக் கராத்தே வந்தது. எல்லா ஊருக்கும் ஒரு பங்கு கிடைத்தது, எந்த ஊருக்கும் முழுசாகக் கிடைக்கவில்லை. லாரிக்காரர்கள்தான் பாவம். வேறு ஊருக்குப் போகவேண்டிய கைப்பந்து வலைகள் எங்களிடம் வந்து இறங்கின. எங்கள் நாற்காலிகள் எந்த ஊருக்குப் போயின என்று கடைசிவரை தெரியவில்லை.

அரங்கத்தில் பாய் விரிக்க, மேசை தூக்க, வேலி நட்டுக் கழற்ற ஆள் எடுத்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தோம். முதல் நாள் காலையில் வாசலில் கூடையை எந்திரத்துக்குள் விட்டார்கள். திரையில் கறுப்பாக ஓர் உருண்டை தெரிந்தது. காவலுக்கு நின்ற பையன் நம்மாள்தான். எழுந்து நின்றுவிட்டான்.

“அங்கிள், என்னா இது?”

“குண்டு.”

“அய்யோ அங்கிள், அந்த வார்த்தைய இங்க சொல்லாதீங்க.”

துண்டை விரித்துக் காட்டினார். பையன் உட்கார்ந்தான்.

“இதை எறியறது கோலாலம்பூர்லலா. நீங்க ஊரு மாறி வந்துட்டீங்க.”

“எறிய வரல. நிறுக்க வந்தேன்.”

கடைசியில் யாரோ ஓர் அதிகாரி வந்து பார்த்து, விளையாட்டுச் சாமான் என்று ஒரு வில்லை ஒட்டி அனுப்பினார். எங்களுக்கு இருந்ததுபோலவே குண்டுக்கும் அனுமதி கிடைத்துவிட்டது.

கராத்தேயில் எடைப் பிரிவுகள் உண்டு. ஒவ்வொருவரும் ஆட்டத்துக்கு முந்தின நாள் எடை அறையில் போய் நிற்கவேண்டும். பிரிவுக்கு மேலே போனால் வெளியே. அந்த அறைக்குள் எங்களை விடமாட்டார்கள். ஆனால் வீரர்கள் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ள வெளியே நடையில் ஒரு சோதனைத் தராசு போட்டிருந்தார்கள். எண் ஒளிரும் தராசு. இரண்டாம் நாள் மதியம் அதை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நகர்த்தச் சொன்னார்கள். நகர்த்தினோம். நகர்த்தியதும் அவர் கூடையைத் திறந்தார்.

3.90.

அப்போது அங்கே ஒரு பெண் நின்றிருந்தாள். பீடோர்க்காரி. செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுநரின் மகள். நம் நாட்டு அணியில், ஐம்பத்தைந்து கிலோவுக்குள் ஆடுகிறவள். தராசை நகர்த்துவதற்குச் சற்று முன்புதான் ஏறிப் பார்த்திருந்தாள். ஐம்பத்து நாலு புள்ளி ஒன்பது. இரண்டு நாளாகத் தொண்டை நனைக்காமல் இறக்கிய எடை. கையில் ஒரு தண்ணீர்ப் புட்டி வைத்திருந்தாள். மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“குடிக்காத பாப்பா,” என்றார் அவர்.

“ஏன் அங்கிள்?”

“தராசு குறைச்சுக் காட்டுது. நாலு கிலோவுக்கு நூறு கிராம். நீ அம்பத்தஞ்சு. போட்டுப் பாத்துக்க.”

அவள் கைப்பேசியில் போட்டுப் பார்த்தாள். ஒரு கிலோ நானூறு கிராம் வரை வந்தது. அவர் சொல்வது உண்மை என்றால் அவள் இப்போது ஐம்பத்தாறு கிலோவுக்கு மேல். நாலு மணிக்கு எடை அறை. அப்போது மணி பன்னிரண்டரை.

பயிற்சியாளரைக் கூப்பிட்டாள். அவர் வந்து குனிந்து தராசின் பக்கவாட்டைக் காட்டினார். சோதித்துச் சரி என்று ஒட்டிய வில்லை இருந்தது. டாச்சிங் அண்ணன் குண்டைத் திருப்பி 4 என்பதைக் காட்டினார். பயிற்சியாளர் அவர் கழுத்து அட்டையைப் பார்த்தார். அதில் பொதுப் பணியாளர் என்று இருந்தது. “தராசை நம்பு,” என்று அவளிடம் மலாயில் சொல்லிவிட்டுக் கூட்டம் ஒன்றுக்குப் போய்விட்டார்.

அவள் புட்டியை மூடவும் இல்லை, குடிக்கவும் இல்லை.

“அங்கிள், நெசமாவா?”

“இந்தக் குண்டு முப்பது வருஷமா என்கிட்ட இருக்கு. ஒரு நாளும் மாத்திப் பேசுனதில்ல.”

“ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஜொகூர்ல ஒரு போட்டி,” என்றாள் அவள். “நூறு கிராம் கூட இருந்தேன். நூறே நூறு. வெளிய அனுப்பிட்டாங்க. அப்பா லாரிய தோட்டத்துலயே போட்டுட்டு வந்து வாசல்ல நின்னாரு. ஒண்ணும் சொல்லல. அதான் அங்கிள் தாங்கல.” தராசைத் திரும்பிப் பார்த்தாள். “இந்தத் தடவையும் வெளிய போக முடியாதுலா.”

மூடியைத் திருகி மூடிப் புட்டியை என்னிடம் கொடுத்தாள்.

குப்பை போடும் கறுப்புப் பை இரண்டு தேடிக் கொண்டுவரச் சொன்னாள். கழுத்துக்கும் கைக்கும் ஓட்டை போட்டு உள்ளே மாட்டிக்கொண்டு, மேலே தடித்த சட்டை போட்டாள். அரங்கத்தின் பின்பக்கம் வெயிலில் படிக்கட்டு ஒன்று இருந்தது. ஏறினாள், இறங்கினாள். டாச்சிங் அண்ணன் கடைசிப் படியில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். அரை மணிக்கு ஒரு தரம் நடைக்குப் போய்த் தராசில் நின்றுவிட்டு வருவாள்.

“அம்பத்து நாலு நாலு,” என்பாள்.

“இன்னும் எட்டு நூறு,” என்பார். அவர் சொன்னபடி சோதனைத் தராசில் ஐம்பத்து மூன்று புள்ளி ஆறு வந்தால்தான் உண்மையில் ஐம்பத்தைந்துக்குள் வரும்.

மூன்று மணிக்கு அவள் வியர்ப்பது நின்றுவிட்டது. சட்டையைப் பிழிந்தால் ஈரம் இருந்தது, முகத்தில் இல்லை. எச்சிலைத் துப்பிக்கொண்டே ஏறினாள். உதடு வெளுத்திருந்தது. “போதும்லாண்ணே,” என்று நான் அவரிடம் சொன்னேன். “இன்னும் முன்னூறு இருக்கு,” என்றார். அவர் முகத்தில் இரக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் அவருக்கு எண்தான் பெரிது.

எல்லாத் தராசும் ஒரே மாதிரி எப்படிக் குறையும் என்று பாசாரில் கேட்ட கேள்வியை அந்த நேரத்தில் நான் மறுபடி கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. இரண்டாவது பை கிழிந்துவிட்டது என்று மூன்றாவது பை தேடிக்கொண்டிருந்தேன்.

நாலு மணிக்கு எடை அறைக்குள் போனாள். ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்தாள். என் கையிலிருந்த புட்டியைப் பிடுங்கி முழுசையும் குடித்தாள். பிறகுதான் பேசினாள்.

“பாஸ் அங்கிள்! அம்பத்து மூணு புள்ளி ஆறு.”

“எவ்வளவு?”

“அம்பத்து மூணு ஆறு.”

சோதனைத் தராசும் அதைத்தான் சொல்லியிருந்தது. அவர் கணக்குப்படி, உள்ளே இருப்பது சரியான தராசு என்றால், அது ஐம்பத்தைந்தை ஒட்டிக் காட்டியிருக்கவேண்டும். இரண்டும் ஒரே எண்ணைச் சொல்லின. அவள் அதை யோசிக்கும் நிலையில் இல்லை. அடுத்த புட்டியைத் தேடிப் போய்விட்டாள்.

“ரெண்டும் ஒரே கடையில வாங்கியிருப்பானுங்க,” என்றார் அவர். ஆனால் பாசாரில் சொன்ன குரல் இல்லை.

ஐந்து மணிக்கு எடை அறையை ஒழிக்க எங்களைக் கூப்பிட்டார்கள். உள்ளே ஒரு மலாய் அம்மா இருந்தார். அதிகாரி. மேசைமேல் ஒரு மரப்பெட்டி. அதில் பளபளவென்று எடைக்கற்கள் வெல்வெட்டுக்குள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துத் தராசில் வைத்து எழுதிக்கொண்டிருந்தார். எடை பார்ப்பதற்கு முன்னும் பின்னும் தராசைச் சோதிப்பது வழக்கமாம். ஐந்து வைத்தால் ஐந்து. இருபது வைத்தால் இருபது. டாச்சிங் அண்ணன் மேசையைத் தூக்காமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தத் தராசின் முகம் எங்களைப் பார்த்து இருந்தது.

பிறகு குண்டை எடுத்தார். வைக்கலாமா என்று கேட்டார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே சரி என்றார்.

3.90.

அந்த அம்மா குண்டைத் திருப்பி 4 என்பதைப் பார்த்தார். அதை இறக்கிவிட்டு, பெட்டியிலிருந்து ஒரு கிலோக் கல்லில் நாலு எடுத்து வைத்தார். 4.00. இன்னொரு தரம் வைக்கச் சொன்னார் இவர். அந்த அம்மா முகம் சுளிக்காமல் வைத்தார். 4.00. குண்டு மறுபடியும் 3.90.

வார்க்கும்போதே குறைந்திருக்கலாம், தேய்ந்தும் இருக்கலாம் என்றார் அந்த அம்மா. அதனால்தான் எறியும் போட்டிகளில் ஒவ்வொரு குண்டையும் முதலில் நிறுத்துப் பார்ப்பார்களாம். இதை யாரும் நிறுத்துப் பார்த்ததில்லையா என்று கேட்டார்.

முப்பது வருஷத்தில் அந்தக் குண்டு ஆயிரம் தடவை தராசில் ஏறியிருக்கிறது. ஆயிரம் தடவையும், நிறுக்கப்படுவது தராசு என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது பின்னால் உட்கார்ந்திருந்தார். மடியில் கூடை. மூன்று சிவப்பு விளக்குகளைத் தாண்டினோம். நாலாவதில், “அப்ப டவுன் குண்டு சரியாத்தான் இருந்திருக்கு,” என்றார். பச்சை விழுந்தது. வண்டி நகர்ந்த பிறகு, “ஒரு சாண்,” என்றார்.

மறுநாள் அவள் ஆடினாள். வேலை நேரத்தில் அவர் ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. அன்றைக்கு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். முதல் ஆட்டம் ஜெயித்தாள். இரண்டாவதில் தோற்றாள். மூன்றாம் இடத்துக்கு இன்னொரு ஆட்டம் கிடைத்தது. முடிய இருபது விநாடி இருக்கும்போது இரண்டு புள்ளி முன்னால் இருந்தாள். உதைக்கக் காலைத் தூக்கியவள் அப்படியே நின்றாள். கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. ஊன்றி நின்று அதைப் பிடித்துக்கொள்வதற்குள் எதிராளி தலையில் ஓர் உதை விட்டாள். மூன்று புள்ளி. நாலாவது இடம். அவளுக்குக் கிடைத்தது ஒன்றும் இல்லை.

காலில் ஐஸ் கட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். டாச்சிங் அண்ணன் கூடையோடு அவள் முன் போய் நின்றார். நான் வேண்டாம் என்று சட்டையைப் பிடித்து இழுத்தேன். கையைத் தட்டிவிட்டார்.

“பாப்பா, என் குண்டு நூறு கிராம் குறைவு. தராசு சரி. நேத்து நீ ஓடியிருக்கவே வேண்டாம்.”

பயிற்சியாளருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கூடையைப் பார்த்தவுடன் அவருக்கு விளங்கிவிட்டது. அவள் ஐஸ் பையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள்.

“எப்பத் தெரியும் அங்கிள்?”

“நேத்து அஞ்சு மணிக்கு.”

“நேத்தே ஏன் சொல்லல?”

“சொன்னா நீ தூங்கியிருக்கமாட்டே.”

அவள் தலையை ஆட்டினாள். சரி என்றா இல்லை என்றா தெரியவில்லை. பிறகு, “அப்பா வெளிய லாரியோட நிக்கிறாரு. அவர்கிட்டயும் போயி இதை இப்படியே சொல்லிடுங்க. என்னால இன்னொரு தடவ சொல்ல முடியாது,” என்றாள்.

போனார். காலி லாரி ஒன்று சாலையோரம் நின்றது. அப்பா டயர் பக்கத்தில் குந்தியிருந்தார். இவர் முழுவதையும் சொன்னார். ஒன்றையும் குறைக்கவில்லை. அப்பா எழுந்து கூடைக்குள் கைவிட்டுக் குண்டை எடுத்து எழுத்தைப் பார்த்தார்.

“நாலுன்னுதான் போட்டிருக்கு,” என்றார். “நானும் நம்பியிருப்பேன்லா.”

குண்டைத் துண்டில் சுற்றிக் கூடைக்குள் அவரே வைத்தார்.

போட்டி முடிந்தது. நிறைவு விழா வேறு ஊரில் நடந்தது. நாங்கள் தொலைக்காட்சியில் பார்த்தோம். எங்கள் நாற்காலிகள் அங்கே இருப்பதாக எனக்குத் தோன்றியது. எனக்கு தஞ்சோங் மாலிம் பக்கம் கார் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. கிளம்புகிற நாள் காலையில், “பாசாருக்கு வா,” என்றார். குண்டை வீட்டில் வைத்துவிட்டு வருவார் என்று நினைத்தேன். கூடை கையில் இருந்தது.

முதல் கடையில் வைத்தார். மூன்று கிலோ தொள்ளாயிரம்.

“சரியா இருக்கு தம்பி. இத்தன வருஷம் நான் சொன்னதுதான் தப்பு.”

கடைக்காரன் கையிலிருந்த மீனைக் கீழே வைத்துவிட்டு அவர் நெற்றியைத் தொட்டுப் பார்க்க வந்தான். அடுத்த கடை. சரியா இருக்கு. அதற்கடுத்தது. சரியா இருக்கு. வரிசை முழுக்க அப்படியே சொல்லிக்கொண்டு போனார். கடைசி வரிசை நெருங்க நெருங்க அவர் நடை சின்னதாகியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு அன்றைக்கே, எடை அறையிலேயே உறைத்திருக்கவேண்டும்.

“வாங்கண்ணே! ரொம்ப நாளா ஆளக் காணோம்,” என்றார் காதில் பேனா வைத்தவர்.

இவர் குண்டை வைத்தார். முள் ஆடி நாலில் போய் நின்றது. மூன்று கிலோ தொள்ளாயிரம் உள்ள குண்டு நாலு என்று காட்டியது. அந்தத் தராசில் ஒரு கிலோ வாங்கினால் இருபத்தைந்து கிராம் கடைக்காரரிடமே நின்றுவிடும். ஈப்போவின் நேர்மையான ஒரே ஆள்.

“டெப்பாட்தானே? பக்கத்துக் கடைக்குக் கேக்குற மாதிரி சொல்லுங்கண்ணே!”

அவர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் எங்கள் மூன்றாவது மாடி அக்கா பையை விரித்துக்கொண்டு நின்றார். பத்து வருஷத்துக்கு முன் இவர் சொல்லித்தான் அவர் இந்தக் கடைக்கு வந்தவர். வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

“என்னாண்ணே, தராசு சரிதானே? ஒரு கிலோ வாங்கலாமா?”

டாச்சிங் அண்ணன் கடைக்காரரைப் பார்த்தார். கடைக்காரர் குண்டைப் பார்த்தார். பிறகு இவர் முகத்தைப் பார்த்தார். காதிலிருந்து பேனாவை எடுத்தார். என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி செருகிக்கொண்டார்.

“வாங்குக்கா,” என்றார் டாச்சிங் அண்ணன். “கிலோவுக்கு ஒரு சின்ன மீன் சேத்துப் போடச் சொல்லு. அப்ப சரியா இருக்கும்.”

கடைக்காரர் ஒரு கிலோ நிறுத்தார். கை கொஞ்ச நேரம் தட்டின் மேலேயே நின்றது. பிறகு குவியலிலிருந்து ஒரு சின்ன மீனை எடுத்துப் பையில் போட்டார்.

“நாளைக்கும் வாரேன்,” என்றார் இவர்.

நான் அன்றைக்கே பஸ் ஏறிவிட்டேன். இப்போது அந்தத் தொழிற்சாலையிலும் இல்லை. போன வருஷம் பேருந்து நிலையத்தில் ஈப்போக்காரர் ஒருவரைப் பார்த்தேன். பாசாரில் கடைசி வரிசை மீன்கடையில் கிலோவுக்கு ஒரு மீன் சும்மா போடுகிறார்களாம். காலையிலேயே கூட்டமாம். கடைக்காரருக்குப் பெரிய மனசு என்று ஊரில் பேசிக்கொள்கிறார்களாம். பக்கத்தில் ஒரு கிழவர் நீலக் கூடையோடு தினமும் நிற்கிறாராம். எதுவும் வாங்குவதில்லை, பேசுவதும் இல்லை. ஒவ்வொரு பையிலும் மீன் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறாராம்.